வேலிக்கு இப்பால் உள்ள மண்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வேலிக்கு இப்பால் நாங்கள் நலம். வேலிக்கு அப்பால் நீங்கள் நலம் என்பது உங்கள் டிராகன் பழச் செடிகளைப் பார்த்தாலே தெரிகிறது. தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

மாமனார் தோட்டத்தைப் பங்கு பிரித்த அன்று, "நீங்க படிச்சவர் மாப்ளே, எந்தப் பக்கம் வந்தாலும் சமாளிச்சிடுவீங்க" என்று என் தோளைத் தட்டினீர்களே, அந்தத் தோள் இன்னும் வலிக்கிறது. ஒரே இடத்தில் வாங்கி ஒன்றாக நட்ட செடிகள். உங்கள் பக்கம் செடி ஏற நட்ட தூணுக்குத் தூண் சிவப்புப் பழம், என் பக்கம் தண்டெல்லாம் மஞ்சள், பூத்த பூவும் பிஞ்சாகாமல் உதிர்கிறது. சாணி எரு கொட்டினேன், உரக்கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் கொட்டினேன், அவர் மட்டும் செழித்தார். கடைசியில் மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள், "மூட்டை மூட்டையாப் போடுறதெல்லாம் சோறு மாதிரி சார். நுண்ணூட்டம் உப்பு மாதிரி. சிட்டிகைதான், ஆனா அது இல்லாட்டி எதுவும் இறங்காது. இந்த மண்ணுல துத்தநாகம் குறைச்சல். சுண்ணாம்பு அதிகம், அதனால இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. போரான் சுத்தமா இல்ல, அது இல்லாம பூ நிக்காது" என்றார். இருந்தும் கிடைக்காது என்றதும் எனக்கு மாமனார் சொத்து ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து, "போரான் இல்லையாம்" என்றேன். உங்கள் தங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "யாரு போறான்? போனா போகட்டும்" என்றாள். என் படிப்புக்கு இந்த வீட்டில் உள்ள மரியாதை இவ்வளவுதான்.

ஆனாலும் மச்சான், கண்ணுக்கே தெரியாத ஒரு சிட்டிகைக்காக ஒரு செடி பூவையே உதறுகிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. மனிதரில் எது குறைந்தால் சொந்தத் தங்கைக்கே இப்படி ஒரு மண்ணை ஒதுக்குவார்கள்? அதற்குப் பரிசோதனை உண்டா என்று அந்த அம்மாளிடம் கேட்க நினைத்துக் கூச்சத்தில் விட்டுவிட்டேன். ஆகவே ஆதாரத்தோடு எழுதுகிறேன்: அடுத்த மழைக்குள் நாம் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு உரியதைப் பக்கம் மாறிய பிறகு தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பரிசோதனைக்கு மண் அள்ளி வந்தவள் அவள்தான். எனக்கு அன்று இடுப்புப் பிடிப்பு. "கல்லு, குப்பை இல்லாம நல்ல மண்ணாப் பார்த்து அள்ளிட்டு வா" என்றுதான் அனுப்பினேன். இப்போது சொல்கிறாள்: "நல்ல மண்ணெல்லாம் எங்கண்ணன் பக்கந்தான்னு பங்கு பிரிச்ச நாள்லேருந்து நீங்கதானே சொல்லிட்டிருக்கீங்க? அதான் வேலியைத் தாண்டிப் போய் அள்ளினேன்."

ஆகவே மேலே உள்ளதில் அக்காவுக்குச் சொன்ன வணக்கத்தைத் தவிர எதையும் படிக்க வேண்டாம். பக்கம் மாற்றுவது வேண்டவே வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும்: போரான் சுத்தமாக இல்லாத மண்ணில் உங்களுக்கு அத்தனை பூவும் எப்படி நிற்கிறது? என்ன தெளிக்கிறீர்கள்? நாளைக் காலை வேலியோரம் நிற்பேன். வந்து சொல்லுங்கள், தோளை மட்டும் தட்டாதீர்கள்.