ஒரு கைச் சட்டை

லிங்கராஜபுரம், பெங்களூர்
புதன்கிழமை

இல்லை அத்தை, குடிப்பதில்லை. எண்ணெய் மட்டும்தான். அதுவும் காலையில் நான் என் கையால் விட்டால்.

வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பித்திருக்க வேண்டும். பதில் முந்திக்கொண்டது. அன்புள்ள ஜோசபின் அத்தைக்கும் மாமாவுக்கும் உங்கள் அண்ணன் மகள் டோரீன் எழுதுவது. உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தங்கவயலில் உங்கள் இருவரையும் ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பார். நீங்கள் லைன் வீடுகள் முழுக்க லட்டு பங்கிட்டதை அவர் எப்படிச் சமாளிப்பார் என்றுதான் தெரியவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

இதைத் தனி வரியாக எழுதியிருக்கிறேன். மாமாவுக்கு வாசித்துக் காட்டும்போது தவறிவிடக் கூடாது.

உங்கள் பக்கத்து வீட்டு நோயல் சனிக்கிழமை இங்கிருந்து ரயிலில் வந்து சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் சங்கடம். மாப்பிள்ளைக்கு ஒரு கைதான். கறுப்பு. சொந்தபந்தம் கிடையாது. சம்பளம் கிடையாது. பிடித்தால் விடமாட்டான். இவ்வளவையும் அவனிடம் சொன்னவள் எங்கள் பட்டறையில் வேலை செய்யும் யசோதா. உள்ளே தகரம் அடிக்கும் பிரஸ் ஓடும் சத்தத்தில், வாசலில் நின்று, கத்திச் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். மாப்பிள்ளை ஒரு இயந்திரம்.

நடந்தது இதுதான். முதலாளி கோவிந்தப்பா பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் இயந்திரக் கையின் படத்தைப் பார்த்திருக்கிறார், ஏதோ மோட்டார் தொழிற்சாலையில் அது காய்ச்சிய இரும்பை எடுத்து வைக்கிறதாம், பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டு, “நோடம்மா, இதப் பாரு, நீ காலேஜ்ல படிச்சது இதுக்குத்தானே, நமக்கும் ஒண்ணு பண்ணு, ஆனா ஒரு சைக்கிள் வெலைக்கு மேல நான் தரமாட்டேன்” என்றார், நானும் யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு பழைய சைக்கிளையே வாங்கினேன், பெடல் அச்சு தோள் ஆயிற்று, பின்சக்கரத்து அச்சு முழங்கை ஆயிற்று, பிரேக் ஒயர் நரம்பு ஆயிற்று, பிரஸ் சுற்றும்போது அதுவே அந்த ஒயரை இழுத்து விடும்படி பலா மரத்தில் முட்டை வடிவச் சக்கரம் ஒன்று செய்தேன், விரல்தான் அமையவில்லை, எதைப் போட்டாலும் பொருள் நழுவியது, இல்லையென்றால் நசுங்கியது, கடைசியில் தனிக்குடித்தனத்துக்கு ஆகுமென்று நீங்கள் கொடுத்த பித்தளை இடுக்கியை எடுத்து அதன் வாயில் சைக்கிள் ட்யூபை ஒட்டினேன், பிடித்துக்கொண்டது, மன்னித்துவிடுங்கள்.

பெயர் வைத்தவர் லேத்தில் நிற்கும் சிரில். “எல்லாரும் எழுந்து நின்னு பாக்கணும், எண்ணெய் தேய்ச்சு விடணும், வேலைன்னா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். மாப்ளதான்.”

“ஏன் சிரிலு, உன் மாமியார் வூட்ல உன்ன இப்பிடித்தான் சொல்றாங்களா” என்றாள் யசோதா.

சிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது. அவள் உட்காரும் பிரஸ் டின் மூடி அடிப்பது. அடித்த மூடி அச்சில் ஒட்டிக்கொள்ளும். பிரஸ் மறுபடி இறங்குவதற்குள் வலது கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். நாள் முழுக்க. அவளுக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருந்தவளுக்கு இரண்டு விரல் போய்விட்டது. யசோதா காலையில் வந்ததும் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்காருவாள்.

இனி அந்த மூடியை மாப்பிள்ளை எடுக்க வேண்டும். பெரும்பாலும் எடுக்கிறான். (நானே ‘எடுக்கிறான்’ என்று எழுதுகிறேன், பாருங்கள். நோயலைச் சொல்லி என்ன.) ஆனால் தகரப்பொடியும் எண்ணெயும் ஒயரில் அப்பிக்கொள்கின்றன. முழங்கை இறுகுகிறது. மூடி நழுவித் திரும்ப அச்சில் விழுகிறது. விழுந்ததும் யசோதாவின் கை தானாக உள்ளே போகிறது. நான் கத்துகிறேன். அவள் இழுத்துக்கொள்கிறாள்.

“நான் என்னா பண்றது டோரீனம்மா. மாப்ள வந்துட்டான்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.”

முதலாளி கெடு வைத்துவிட்டார். “சனிக்கிழமை நான் வந்து பாப்பேன், மத்தியானம் வரைக்கும் ஒரு மூடி விழாம ஓடணும். விழுந்துச்சோ, குஜரிக்குப் போட்ருவேன். அப்புறம் அவளே கையால எடுக்கட்டும்.” குஜரி என்றால் இங்கே பழைய இரும்புக் கடை.

இந்த நிலையில்தான் நேற்று உங்கள் பார்சல் வந்தது. வெள்ளைச் சட்டை. வலது கை முழுதாக, மணிக்கட்டில் பொத்தானோடு. இடது கை இல்லை. மாமாவுக்குத் தைப்பது போலவே தோளில் மடித்துத் தைத்திருந்தீர்கள். கூடவே உங்கள் கடிதம்: ‘ஒத்தைக் கைன்னு யாராவது பேசினா காதுல போட்டுக்காத. சுரங்கத்துல கை போன பிறகுதான் உன் மாமாவை நான் கட்டினேன். கையைப் பாக்காத. குடிக்கிறானான்னு பாரு.’

படித்துச் சிரித்தேன். பிறகு அந்த மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன்.

மாமா ஒரு கையால் சவரம் செய்துகொள்வார், மரம் பிளப்பார், என்னைத் தூக்கித் தோளில் வைப்பார். அந்தக் கையின் பொத்தானை மட்டும் அந்தக் கையால் போட முடியாது. காலையில் அடுப்படிக்கு வந்து கையை நீட்டுவார். நீங்கள் கரண்டியை வைத்துவிட்டுப் போட்டுவிடுவீர்கள். காலேஜில் சேரும்போது ஏன் எஞ்சினியரிங் என்று கேட்டார்கள். நாட்டு முன்னேற்றம் என்றேன். அந்தப் பொத்தான் என்று எப்படிச் சொல்வது.

ஆகவே, கல்யாணம் இல்லை. லட்டு தின்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். சட்டையைப் போட என்னிடம் ஆள் இல்லை. சனிக்கிழமை நோயலிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். மாமா போட்டுக்கொள்ளட்டும், அவர் அளவுதான். நோயலிடம் ஒன்றும் விசாரிக்காதீர்கள். இதைப் பற்றியும் ஏதாவது உண்மையைச் சொல்லிவைப்பான்.

இரவு ஜெபத்தில் என் பெயருக்குப் பிறகு அந்த இடுக்கியின் பெயரையும் சொல்லுங்கள். மாமாவின் கைக்கு ஒரு முத்தம்.

உங்கள்
டோரீன்

பி.கு. சனிக்கிழமை. மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். சட்டை வராது.

முதலாளி வருவதற்கு முன் ஓட்டிப் பார்த்தோம். மூடி விழுந்தது. ஒயரைத் துடைத்து ஓட்டினோம். மறுபடி விழுந்தது. நோயலுக்காகக் கொண்டுவந்த பார்சல் மேஜைமேல் இருந்தது. யசோதா பிரித்துப் பார்த்தாள்.

“ஒரு கைச் சட்ட. இது யாருக்கு?”

“மாப்பிள்ளைக்கு. எங்க அத்தை அனுப்பினாங்க.”

“அப்ப போட்டு வுடாம எதுக்கு மடிச்சு வெச்சினு இருக்கே.”

பிரஸ்ஸை நிறுத்தி மாட்டினோம். தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூடிக்கொண்டது. முழங்கை வளைய இடமிருந்தது. மீதிச் சட்டையை இரும்புத் தூணில் சுற்றி இறுகக் கட்டினேன். மணிக்கட்டுப் பொத்தானை யசோதா போட்டாள். பொடி துணியில் விழுந்தது. ஒயர் வழுக்கிக்கொண்டு ஓடியது. மத்தியானம் வரை ஒரு மூடி விழவில்லை. வெளியிலிருந்து தகட்டைத் தள்ளுவது மட்டும்தான் இனி அவள் வேலை, அதற்கு இடது கை போதும். வலது கை இரண்டு மூன்று தரம் மூடியைத் தேடி எழுந்தது. பிறகு மடியில் உட்கார்ந்துகொண்டது.

கோவிந்தப்பா வெகுநேரம் பார்த்தார். சட்டை யார் தைத்தது என்று கேட்டார். அத்தை என்றேன்.

“அந்தம்மாவைக் கேளு. இன்னும் மூணு பிரஸ் இருக்கு.”

காக்கித் துணி நல்லது, அத்தை. வலது கை மட்டும். பொத்தான் வேண்டும்.

நோயல் வாசலில் காத்திருக்கிறான். “சட்ட பொருந்துச்சாக்கா” என்று கேட்டான். பொருந்தியது என்று சொன்னேன். பிறகு உள்ளே போய் மாப்பிள்ளைக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.