ஜக்கையனார் மூவண்ணத் தெருவுக்குக் குடிபோன படலம்

மேற்கே முகில்முடி தரித்த ஏலமலைத் தொடரும், அதன் மார்பில் மணிவடமாய் வளைந்தேறும் போடிமெட்டுப் பாதையும் செவிசாய்ப்பதாகுக! கலெக்டர் வந்தாலும் கழுத்து வளையாதவர், அடைமழையிலும் கதரன்றிப் பிறிதொரு துணி மேனி தீண்ட ஒப்பாதவர், குரங்கணி அடிவாரத்துக் குடிகளின் குன்றாப் பெருமை, முறுக்குமீசை ஜக்கையனார், தம் கொள்கைக்கு ஒத்த தெருவொன்றைத் தேடிப் போடிநாயக்கனூர் புகுந்து பொருத காதையை உள்ளது உள்ளபடி உரைக்கின்றோம்.

நாடு இரண்டாம் முறையாகப் பொதுத்தேர்தலுக்குக் காத்திருந்த தை மாதம் அது. மலையடிவாரக் குளிர் முழங்காலுக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டபடியால், ஊருக்குள் வாடகை வீடு பார்க்க வேண்டியதாயிற்று. வீடு என்பது பிறருக்குச் சுவரும் கூரையும். ஜக்கையனாருக்கோ அது கொடி. "விடிந்ததும் எதிர்வீட்டான் முகத்தில் விழிக்க வேண்டும். அந்த முகம் யாருக்கு ஓட்டுப் போடும் என்று அறியாமல் விழிப்பது எங்கள் குடிக்கு வழக்கமில்லை!" என்று முழங்கிவிட்டு, மனையாள் சந்திரவல்லி பின்தொடரத் திக்குவிசயம் புறப்பட்டார்.

முதலில் கறுப்பு சிவப்புக் கொடி பறந்த தெருவைக் கண்டார். காற்றோட்டமான வீடு, முற்றத்தில் பவழமல்லி. ஆயினும் தெருமுனைச் சலூனில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, பாதி மழித்த தலைகளும் முழுதும் மழித்த தலைகளும் கடவுள் இல்லை என்று ஒருசேர அசைவதைக் கண்டு, சூறையில் சிக்கிய ஆலமரம்போல் அதிர்ந்து வெளியேறினார்.

அடுத்தது, கடைகளில் ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் சங்கம் வைத்துச் செங்கொடி நாட்டிய தெரு. அங்கே வேப்பமரத்தடியில் ஒரு வீடு, தேங்காய்த் தண்ணீர்போல் இனிக்கும் கிணற்றோடு பூட்டிக் கிடந்தது. சந்திரவல்லி எட்டிப்பார்க்க விரும்பினாள். "அந்தத் தெருவில் என் செருப்பும் நடவாது!" என்று ஆணை பிறந்தது. அதைச் சொல்லும்போது அவர் ஏனோ மனையாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிவில் மூவண்ணக் கொடித் தெரு. அங்கிருந்த வீட்டின் ஓட்டுக்கூரை வழியே வானத்தின் அழகு தெரிந்தது. கிணற்று நீர் கடலை வென்றது. ஆனால் எதிர்ச்சுவரில் தம் கட்சியின் சின்னமாகிய நுகம்பூட்டிய இரட்டைக் காளை, சுண்ணாம்பும் நீலமுமாய்த் தீட்டப்பெற்று அவரை அன்போடு நோக்கிற்று. ஜக்கையனாரின் கண்கள் பனித்தன.

"இந்தாங்க, எந்தக் கொடியும் காத்துலதான் ஆடுது. இந்த உப்புத் தண்ணியில பருப்பு வேகுமா?" என்றாள் சந்திரவல்லி.

"பருப்பு வேகாவிட்டால் துவையல் அரை! கொள்கையை அரைக்கும் அம்மி இன்னும் கொத்தப்படவில்லை!"

அதோடு நின்றிருந்தால் காவியமும் நின்றிருக்கும். அவரோ கொடிக்கம்பத்தடியில் கட்சி அன்பர்களைத் திரட்டி, வலக்கை மீசையைப் பற்ற, வஞ்சினம் உரைத்தார்: "வெள்ளிக்கிழமை, நம் சின்னமாகிய காளைகளே என் வண்டியை இழுத்து வரும். அவை எங்கே கால் ஊன்றுகின்றனவோ, அங்கே இராகுகாலம் பிறக்குமுன் என் பால் பொங்கும். பொங்காவிடில் இந்த மீசை என் முகத்தில் இராது!"

அந்த வெள்ளியும் வந்தது. மயிலை, செவலை என்னும் இரு காளைகள், திமில் மலையெனக் குலுங்க, கழுத்துமணி போர்முரசென அதிர, அண்டாவும் குண்டாவும் உரலும் உலக்கையும் ஏந்திய பெருந்தேரை இழுத்து ஊருக்குள் நுழைந்தன. கயிற்றைப் பிடித்தவர் ஜக்கையனார். மேலே பாற்செம்பும் கையுமாய்ச் சந்திரவல்லி. பாதை இரண்டாய்ப் பிரிந்தது. வலப்பக்கம் மூவண்ணத் தெரு. மாலையோடும் மேளத்தோடும் அன்பர்கள். இடப்பக்கம் செங்கொடித் தெரு.

காளைகள் இடப்பக்கம் திரும்பின.

அந்தோ, அதன்பின் மூண்ட சமரை என்னென்பது! கயிற்றை வலித்தார், நுகத்தில் தோள் கொடுத்தார், வாலை முறுக்கினார். அன்பர்கள் மேளத்தைத் தரையில் எறிந்துவிட்டு ஓடிவந்து சக்கரத்தைப் பற்றினர். ஆயினும் வெள்ளத்தை முறம் கொண்டு மறிப்பார் உண்டோ? காளைகள் வேப்பமரத்தடி மட்டும் வந்து, அதற்கு எதிரே இருந்த பருத்திப்பால் கடை வாசலில் முன்னங்கால் மடித்துச் சுகமாய்ப் படுத்தன.

கடைக்காரி முத்துப்பேச்சி, சங்கத்துப் பெண்களின் தலைவி, பருத்திக்கொட்டை பிழிந்த சக்கையைக் கூடையோடு கொண்டுவந்து காளைகளின் முன் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே, இன்னைக்குத் துண்டைத் தலையில போர்த்தாமலே வந்துட்டீக?"

ஜக்கையனார் குனிந்து நுகக்கயிற்றை ஆராயலானார்.

"என்ன துண்டு?" என்றது வண்டியின் உச்சியிலிருந்து ஒரு குரல்.

"அட, ஒனக்குத் தெரியாதா ஆத்தா? வாராவாரம் மலையிலருந்து ஏலக்காய் மூட்டைய இங்க கொண்டாந்து எறக்கிட்டு, முக்காடு போட்டுக்கிட்டு ரெண்டு டம்ளர் பருத்திப்பால் குடிக்காம அண்ணே போனதில்ல. சக்கை இதுகளுக்கு. மனுசன் மறைச்சாலும் மாடு மறைக்குமா?"

கடை முன் கூடிவிட்ட சங்கத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் வேம்பு உதிர்ந்தது. ஜக்கையனாரின் நெஞ்சில் ஏழு தலைமுறை முன்னோரும் வரிசையாய் எழுந்து நின்று, ஒருவர் பின் ஒருவராய் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். வலப்பக்கம் ஓடலாம் என்றால் காளைகள் எழவில்லை. எழுப்பலாம் என்றால் இராகுகாலம் நெருங்கிவிட்டது. கூட்டத்தில் ஒரு மைத்துனன், "மாப்ளே, சலூன்காரரக் கூப்பிடவா?" என்றான்.

அவ்வேளை சந்திரவல்லி வண்டியினின்று இறங்கினாள். "காளை கால் ஊன்றுற எடம்னு நீங்கதான சொன்னீக. ஊன்றுறதென்ன, படுத்தே கெடக்குதுக. மீசை வேணுமா, வேணாமா?" என்று கேட்டு, விடைக்கு நில்லாமல், வேப்பமரத்தடியில் பூட்டிக் கிடந்த வீட்டின் சாவியை, அதைப் பொறுப்பில் வைத்திருந்த முத்துப்பேச்சியிடம் வாங்கி உட்புகுந்தாள். சற்றைக்கெல்லாம் கிழக்கு முகமாய்ப் பால் பொங்கி வழிந்தது. பால் பொங்கிய அடுப்பை விட்டுப் பெயர்வார் இப்புவியில் எவருமிலர்.

மீசை தப்பியது. தப்பிய மீசையை இருபுறமும் முறுக்கி, ஜக்கையனார் வண்டிமேல் ஏறி நின்று திசையெட்டும் கேட்க முழங்கினார்: "அறிமின்! பகைவர் கோட்டையை எங்கள் காளைகள் இன்று கைப்பற்றின! வாராவாரம் முக்காடிட்டு யாம் வந்தது வேவு பார்க்கவே!" பின்னர், வெற்றிவேந்தர்க்குரிய நடையில் சென்று, செங்கொடிக்கு நேர் எதிரே வேப்பங்கிளையில் மூவண்ணக் கொடியைத் தம் கையாலேயே கட்டிவிட்டு இறங்கி, முத்துப்பேச்சி நீட்டிய டம்ளரை ஊரறிய, வெறுந்தலையோடு, முதன்முறையாக வாங்கினார்.

முக்காட்டுக்குள் குடித்ததைவிடக் கருப்பட்டி கொஞ்சம் குறைச்சலாக இருந்தது.