நவரட்ணம் கொண்டுவந்த நூறு பேர்

அன்று ஆட்டம் முடிந்தபின் மைதானத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் நான்கு பேர்: நவரட்ணம், அவருடைய மகன் நிதுசன், அணியை நடத்தும் றோய், லீக்கின் செயலாளர். வேறு எவரும் இருக்கவில்லை. நவரட்ணம் மேசையில் ஓங்கி அடித்துச் சபதம் செய்தார் என்று பிறகு சொல்லித் திரிந்தவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. அங்கே மேசையும் இல்லை.

நிதுசன் பந்து வீசும் ஸ்காபரோ ஹெரன்ஸ் அணியின் பேஸ்போல் ஆட்டத்தை அன்று காசு கொடுத்துப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் கழிவறைக்குப் போவதற்காக ரிக்கெற் எடுத்தவர். சீசன் முடிவதற்குள் ஓர் ஆட்டத்துக்காவது நூறு ரிக்கெற் விற்காவிட்டால் அடுத்த வருடம் சனிக்கிழமைகளில் மைதானம் வேறு அணிக்குப் போய்விடும் என்று செயலாளர் சொன்னார். மைதானம் போனால் அணியும் போய்விடும். சொன்னதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு விளையாட்டு, உங்கள் ஆட்கள் இதற்கு வரமாட்டார்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று தோளில் தட்டி ஆறுதலும் சொன்னார்.

நவரட்ணம் முப்பத்தொரு வருடம் தபால் தரம்பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து, ஒருநாளும் பிந்திப் போகாமல் ஓய்வு பெற்றவர். தோளில் தட்டுவது அவருக்குப் பிடிக்காது. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார்.

"நூறு பேரை நான் கொண்டுவாறன். அவருக்கு இங்கிலிசிலை சொல்லு."

"அப்பா, உங்களுக்கு ரூல்ஸே தெரியாது" என்றான் நிதுசன்.

"ஆக்களைக் கூப்பிட என்னத்துக்கு ரூல்ஸ்? எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் வாக்குக் குடுத்திட்டுப் பின்வாங்கினதில்லை. சொல்லு."

மைதானத்தில் இன்னும் ஐந்து ஆட்டங்கள் இருந்தன.

முதலில் அவர் உறவினர்களை அழைத்தார். நாற்பத்துமூன்று வீடுகளுக்கு அவரே தொலைபேசி எடுத்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிதான் முதலில் கேட்டான்.

"அண்ணை, பெறாமகன் விளையாடுறதைப் பாக்க எனக்கு ரிக்கெற்றோ? நாளைக்கு அவன்ரை கலியாணத்துக்கும் வாசலிலை ரிக்கெற் கிழிப்பியளோ?"

நவரட்ணத்துக்கு முகம் சுட்டது. "உனக்கென்னத்துக்கடா ரிக்கெற்? சும்மா வா" என்றார். அவனுக்குச் சொன்னதை மற்றவர்களுக்குச் சொல்லாமல் விடமுடியுமா? எழுபது பேர் வந்தார்கள். ஒருவர்கூட ரிக்கெற் எடுக்கவில்லை. வழக்கமாக ரிக்கெற் எடுப்பவர்களும் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் எடுக்காமல் உள்ளே போனார்கள்.

"அண்ணை, போன கிழமை ஒன்பது. இந்தக் கிழமை பூச்சியம்" என்றான் றோய்.

அடுத்த சனிக்கிழமை, ரிக்கெற் எடுப்பவர்களுக்கு ஆட்டிறைச்சி றோல்ஸ் இலவசம் என்று பிளாசா எங்கும் நோட்டீஸ் ஒட்டினார். முப்பத்தெட்டு ரிக்கெற் விற்றது. முப்பத்தெட்டுப் பேரும் றோல்ஸை வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் மறுபடி வந்தார். சோஸ் இல்லையா என்று கேட்க. ஆட்டத்தைப் பார்க்காதவரைப் பார்வையாளர் என்று கணக்கில் சேர்க்க முடியாது என்றார் செயலாளர். அது நியாயம்தான் என்று நவரட்ணத்துக்கே பட்டது. அதுதான் அவருக்கு அதிக கோபத்தைத் தந்தது.

பிறகுதான் அவர் முதியோர் சங்கத்துக்குப் போனார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நூற்றைம்பது பேர் கூடுவார்கள். ஐந்து நிமிடம் பேச இடம் கொடுத்தார்கள். சபையில் எழுந்து நிற்பவன் தான் யார், எவர் பிள்ளை என்று சொல்லாமல் வாய் திறப்பது மரியாதை அல்ல. அந்த ஒழுங்கில் வளர்ந்தவர் நவரட்ணம்.

"நான் வேலுப்பிள்ளை நவரட்ணம். சொந்த இடம் கரவெட்டி. தபால் பகுதியிலை முப்பத்தொரு வருசம், இப்ப பென்சன். அஜக்ஸிலை சொந்த வீடு. மனிசி தவறி ஒன்பது வருசம். கடவுளே எண்டு சீனி, பிறசர் ஒண்டுமில்லை. மகன் ஒருத்தன், நிதுசன். இருபத்தொன்பது வயசு, இஞ்சினியர். குடி, சிகரெட் இல்லை. ஆறடி உயரம். பெரியாக்களுக்கு முன்னாலை கால்மேல கால் போட்டு இருக்கமாட்டான். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மைதானத்துக்கு வந்து பாருங்கோ. வாசலிலை நான்தான் நிப்பன்."

கைதட்டல் பலமாக இருந்தது. பேஸ்போல் என்ற சொல்லைத் தான் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பது, 401 நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்தபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆறு பெண்கள் வந்தார்கள். ஆறு பேரும் ரிக்கெற் எடுத்தார்கள். நடுவில் வந்தவர் ஜெயமலர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பருத்திச் சேலை, வெள்ளைத் தொப்பி. அவருடைய கையைப் பிடித்தபடி ஓர் இளம்பெண், பெயர் சுபாங்கி. பக்கத்தில் கிளடிஸ் என்ற அம்மையார், கழுத்தில் பைனாகுலர்.

"வீட்டிலை சமையல் ஆர்?" என்று கேட்டார் கிளடிஸ், ரிக்கெற்றை வாங்கும்போதே.

"நாங்கள் ரெண்டு பேரும்தான். மகன் நல்லாச் சமைப்பான்."

"நீங்கள்?"

"நான் கறி வைப்பன். ஆரையும் எதிர்பாத்து இருக்கிற ஆளில்லை."

கிளடிஸ் திரும்பி ஜெயமலரைப் பார்த்தார். ஜெயமலர் மைதானத்தைப் பார்த்தார். அவர்கள் போய், வாசலுக்கு நேரெதிரே, மைதானத்தின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

றோய் மெல்ல வந்து காதுக்குள் சொன்னான். "அண்ணை, விளங்குதோ? மாப்பிளை பாக்க வந்திருக்கினம். நீங்கள் நிதுசனைப் பற்றிக் குடுத்த விளம்பரம் அப்பிடி."

"விளம்பரமோ? நான் அறிமுகம் செய்தனான்."

"ஆறடி உயரம் எண்டது அறிமுகமோ, அண்ணை?"

நவரட்ணம் எதிர்ப்பக்கம் பார்த்தார். ஜெயமலரும் சுபாங்கியும் தலையோடு தலை வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும். நல்ல அடக்கமான பிள்ளையாகத்தான் தெரிந்தாள்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைத் தொடங்கினார்.

"அப்பா, சீரியஸ்லி? நான் இப்ப கலியாணம் கட்டுறேல்லை. போன வருசமே சொன்னனான்."

"நான் கட்டச் சொல்லேல்லை. அவை வந்து பாக்கினம். பாக்கிறவையை வேண்டாமெண்டு துரத்தேலுமோ?"

"உண்மையைச் சொல்லுங்கோ. இட்ஸ் நொட் ஃபெயார்."

பிள்ளை சொன்னது சரி. நாளைக்கே ஜெயமலரிடம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தார். ஆனால் ஜெயமலருடைய தொலைபேசி எண் அவரிடம் இல்லை. அடுத்த சனிக்கிழமை எண் கேட்கலாம் என்றிருந்தார். அன்று இருபத்தேழு பெண்கள் வந்து இறங்கினார்கள்.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பார்க்கத் தனியே போவதில்லை. ஒருவர் பார்த்தால், தமக்கை பார்க்கவேண்டும். தமக்கை பார்த்தால், தமக்கையின் சிநேகிதி பார்த்து ஒரு குறை சொல்லவேண்டும். அந்தக் குறை உண்மையா என்று பார்க்க இன்னும் நாலு பேர் வரவேண்டும். இது தெரிந்த நவரட்ணத்துக்கு இருபத்தேழு அதிகமாகப் படவில்லை. இப்படியே போனால் கடைசி ஆட்டத்துக்கு நூறு வரும் என்றும் பட்டது. அந்த எண்ணம் வந்ததற்காக வெட்கப்பட்டார்.

"இப்ப சொல்லாதேங்கோ அண்ணை" என்று கெஞ்சினான் றோய். "இன்னும் ஒரு மட்ச். பன்ரெண்டு பொடியள் வேறை எங்கை போய் விளையாடுறது?"

நவரட்ணம் வாயை மூடிக்கொண்டார். மூடியதற்குப் பிராயச்சித்தமாக உபசாரத்தைக் கூட்டினார். தானே பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிப் போய் இருபத்தேழு பேருக்கும் தேநீர் ஊற்றினார். ஒரு துளி சிந்தவில்லை.

"கை நடுங்கேல்லை" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது அவருக்குக் கேட்டது.

"இரவிலை கார் ஓடுவியளோ?" என்று கேட்டார் கிளடிஸ்.

"401இலையும் ஓடுவன். கண்ணாடி வாசிக்க மட்டும்தான்."

மாமனார் மருமகளுக்குப் பாரமாக இருப்பாரா என்று பார்க்கிறார்கள், சரியான கேள்விதான் என்று நினைத்துக்கொண்டார். ஜெயமலர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சீனி அளவாப் போட்டிருக்கிறியள்" என்றார்.

பார்க்க வந்தவர்களுக்கு மாப்பிள்ளை தூரத்தில் நிற்கிறானே என்ற குறை இருக்கக்கூடாது. நவரட்ணம் றோயைப் பிடித்து, நிதுசனைப் பந்து வீச விடாமல் முதலாம் பேஸில் நிற்க வைத்தார். அங்கே நின்றால் அந்தப் பெண்களுக்கு நேர் முன்னால் தெரிவான். பந்து வீச ஆளில்லாமல் ஹெரன்ஸ் பதினான்குக்கு ஒன்று என்று தோற்றது. அதுகூடப் பரவாயில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் கிளடிஸிடமிருந்து தூது வந்தது.

"அந்த உயர்ந்த தம்பியைக் கொஞ்சம் அங்காலை தள்ளி நிக்கச் சொல்லட்டாம். வாசல் பக்கம் ஒண்டும் தெரியேல்லையாம்."

என்ன பண்பு, என்று நவரட்ணம் வியந்தார். வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு பொடியனை முறைத்துப் பார்க்க அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தையா ஏமாற்றுகிறோம்?

அந்தக் கிழமை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிளாசாவில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர், "அங்கிள், மகனுக்கு ஜெயமலர் அன்ரியின்ரை மகளாம், எல்லாம் பேசி முடிஞ்சுதாம்" என்று கை கொடுத்தார். முடிவெட்டும் கடையில் மண்டபத்தின் பெயரையே சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளையின் பெயர் ஸ்காபரோ முழுக்க அடிபடுகிறது. அதற்குக் காரணம் யாரென்றால், வாக்கு மாறாத நவரட்ணம்.

கடைசி ஆட்டத்தன்று முதியோர் சங்கம் ஒரு மஞ்சள் பஸ்ஸையே வாடகைக்கு எடுத்து வந்தது. பின்னால் கார்கள். இம்முறை ஆண்களும் வந்திருந்தார்கள், சம்பந்தத்தில் ஆண்கள் கடைசியாக வருவதுதான் வழக்கம். நூற்றுப் பன்னிரண்டு ரிக்கெற். நிதுசன் மறுபடி பந்து வீசினான். ஹெரன்ஸ் வென்றது. பந்து எந்தப் பக்கம் பறந்தாலும் கிளடிஸின் பைனாகுலர் ஒரே பக்கத்தில்தான் நின்றது. செயலாளர் ரிக்கெற் அடிக்கட்டைகளை இரண்டு தடவை எண்ணி, நவரட்ணத்தின் கையைக் குலுக்கினார். தோளில் தட்டவில்லை.

"மைதானம் எங்களுக்குத்தான் அண்ணை!" றோய் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனான்.

"பொறு" என்றார் நவரட்ணம். "எனக்கொரு வேலை இருக்கு."

"அண்ணை, வேண்டாம். அவையை பஸ் ஏற விடுங்கோ."

அவர் நிற்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, இம்முறை சுற்றிப் போகாமல், மைதானத்துக்குக் குறுக்கே நேராக நடந்தார். அவர் வருவதைக் கண்டதும் எதிர்ப்பக்கத்தில் கதை அடங்கியது. சிலர் எழுந்து நின்றார்கள். ஜெயமலர் தொப்பியைக் கழற்றித் தலைமுடியைச் சரிசெய்தார். சுபாங்கி தொலைபேசியை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்கினாள். நிதுசன் கிளவ்வைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தான்.

நவரட்ணம் ஜெயமலருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான். எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறதுதான் முறை. நீங்கள் என்னத்துக்கு வாறியள் எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும்."

"தெரியுமோ?" என்றார் ஜெயமலர், மிக மெதுவாக.

"தெரியும். தெரிஞ்சும் நூறு பேர் சேரவேணும் எண்டதுக்காகப் பேசாமல் இருந்திட்டன். அது என்ரை குடும்பத்துக்கு அழகில்லை. காசைத் திருப்பித் தரச் சொன்னாலும் தாறன்."

"ஐயோ, அண்ணை!" என்று தூரத்தில் றோயின் குரல் கேட்டது.

"வெளியிலை ஒரு கதை அடிபடுது. உங்கடை மகளை என்ரை மகன் கட்டப்போறான் எண்டு. அது பொய். அவன் இப்ப ஒருத்தரையும் கட்டமாட்டான். உங்கடை மகள் தங்கமான பிள்ளை, அவவிலை ஒரு குறையுமில்லை." அவர் சுபாங்கியைப் பார்த்துத் தலை வணங்கினார். "பிழை முழுக்க என்ரை."

கிளடிஸ் பைனாகுலரைக் கீழே இறக்கினார். ஜெயமலரின் முகம் காது வரை சிவந்தது; தொப்பியை மறுபடி எடுத்து, கண்ணை மறைக்கும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சுபாங்கிதான் தொலைபேசியைத் தாழ்த்தினாள்.

"பெரியம்மாவுக்கு மகளே இல்லை, அங்கிள். இவ்வளவு பேரும் ரிக்கெற் எடுத்து வந்தது உங்களைப் பாக்க."