ஐந்து மணிக்குத் திரும்பியவர்

பாறையும் பள்ளமுமான ஒரு மலையைப் பொதுமக்களுக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்க அங்கே ஓர் இயற்கை மையம் நிறுவப்பட்டிருந்தது. பார்வையாளர் எவரும் தொலைந்துபோகக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு வாசலில் ஒரு பதிவேடும் இருந்தது. பெயர், ஏறிய நேரம், திரும்பிய நேரம், கருத்து என நான்கு கட்டங்கள். சாயங்காலம் கூட்டம் நெரியும் என்பதால் நான்கையும் காலையிலேயே நிரப்பிவிடுவது வழக்கம்.

“உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். நம்ம எல்லாருக்கும் நீயே எழுதிடும்மா,” என்றார் அப்பா.

பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. மேல்வரியைப் பார்த்து எழுதிவிட்டேன்.

நாலரை மணிக்கு எல்லோரும் இறங்கிவிட்டோம், சித்தப்பாவைத் தவிர. போன்தான் வந்தது. மூன்றாவது வளைவில் கால் பிசகி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாராம். ஓரடி எடுத்துவைக்க முடியவில்லையாம்.

சித்தி பொறுப்பாளரிடம் ஓடினாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

“திரும்பற நேரம் அஞ்சுன்னு இருக்கு. இப்ப நாலரைதானே? அவர் இன்னும் தாமதமே ஆகலைம்மா.”

நியாயமாகத்தான் பட்டது. பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு பலகை: ‘மௌனம் காத்து மலையின் குரலைக் கேளுங்கள்.’

மணி ஐந்தானதும் சித்தி எழுந்துபோனாள்.

“அவர்தான் வந்துட்டாரே,” என்றார் பொறுப்பாளர், அதே வரியில் விரலை வைத்து.

“வந்தவர் எங்கேங்க?”

“வந்த பிறகு வீட்டுக்காரங்கதான் பாத்துக்கணும்.”

சித்தி போனை அவர் காதில் வைத்தாள்.

“ஐயா, நான் மேலேதான் இருக்கேன்,” என்றார் சித்தப்பா.

“நீங்க இறங்கியாச்சு சார். அஞ்சுக்கு மேல மலையில யாரும் இருக்கக் கூடாது. இருந்தா அத்துமீறல்.”

சித்தி ஒரு நிமிடம் யோசித்தாள். “அப்ப மூணாவது வளைவுல எவனோ ஒருத்தன் அத்துமீறி உக்காந்திருக்கான். பிடிச்சிட்டு வாங்க. ஆள் நடக்க மாட்டான், ஸ்ட்ரெச்சரும் கொண்டுபோங்க.”

பொறுப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு விதி இருந்தது. உடனே இரண்டு காவலர்கள் கிளம்பினார்கள். கிளம்புமுன் பதிவேட்டில் ஏறிய நேரமும் திரும்பிய நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முக்கால் மணி நேரத்தில் சித்தப்பா, பிடிபட்ட ஆளாக, படுத்தபடி வந்து சேர்ந்தார். பொறுப்பாளர் அவரை எச்சரித்து விடுவித்தார்.

“உங்க மேல புகார் எழுதப்போறேன்,” என்றார் சித்தப்பா.

“காலையிலேயே பாராட்டி எழுதிட்டீங்களே சார்.” பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

‘ஊழியர்களின் கனிவான கவனிப்பில் பத்திரமாக இறங்கினேன். மீண்டும் வருவேன்.’

“இதை எழுதினது யாரு?” என்றார் சித்தப்பா.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

நான் மௌனம் காத்து மலையின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.