சிவப்புப் பேனா மாப்பிள்ளை

எனக்கு ஒரு வியாதி உண்டு. நான் எழுதியதை நானே வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து மேய்வேன். எந்தச் சொல் எத்தனை தடவை, எந்த வாக்கியம் இழுக்கிறது என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு வேறு எழுதுவேன். (பள்ளியில் தமிழில் தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். அதனால் என்ன?)

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜ் கவுன்டரில் வேலை பார்த்தபோது கீழ்பென்னாத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் மாலதி. இருபது பேர் நடுவில் நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. மறுநாள் வாட்ஸப்பில் கேட்டாள்: "உங்களப் பத்தி ஒரு பக்கம் கையால எழுதி போட்டோ அனுப்புங்க. படிச்சுட்டுதான் வீட்ல பதில் சொல்வேன்."

எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. அந்த ஒரு பக்கத்தில்தான் என் கல்யாணமே இருந்தது.

நீல மையில் எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு வாக்கியங்களில் பதினேழு, 'நான்' என்று தொடங்கின. ஓரத்தில், 'நான் ஜாஸ்தி' என்று எழுதினேன். 'லாட்ஜ் நிர்வாகத்தையும் கவனிக்கிறேன்' என்று முடிந்த வாக்கியம் மட்டும் நாலு வரி நீண்டிருந்தது. பக்கத்தில், 'பொய் சொல்லும்போது வாக்கியம் நீள்கிறது. மேனேஜர் டீ குடிக்கப் போகும்போது மட்டும்தான் கவனிக்கிறாய்.' 'தினமும் கிரிவலம் செல்வேன்' என்பதற்கு, 'இனிமேல்தானே?' கடைசி வரி, 'தங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி.' அதற்கு, 'சர்க்கார் கடிதம். ரெண்டு நாளாய்த் தூக்கமில்லை என்று எழுதத் தைரியம் இல்லை.'

பிறகு எல்லாம் திருத்தி அழகாக ஒரு நகல் எடுத்தேன். அன்று பௌர்ணமி. கவுன்டரில் ரூம் கேட்டு ஒரே கூட்டம். ஒரு கையால் சாவி கொடுத்துக்கொண்டே மறு கையால் போட்டோ எடுத்து அனுப்பினேன். கூட்டம் குறைந்தபின் பார்த்தால், போனது சிவப்பு போட்ட தாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன்.

"ஏன்டா மூஞ்சி இப்படி கெடக்குது?" என்றார் அம்மா.

"கல்யாணம் நின்னுபோச்சும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, மாலதியிடமிருந்து போன். "நீல மையில எழுதினவரு ரொம்ப அளக்கறாருங்க. செவப்பு மையில எழுதினவரத்தான் எனக்குப் புடிச்சிருக்குது. வீட்ல சரின்னு சொல்லிட்டேன்."

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். விருந்தாளிகளிடம் நான் என் பெருமையை எடுத்துவிட ஆரம்பித்தால் மட்டும், ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே என் மகள் சொல்கிறாள்:

"அம்மா, நீல மை பேசுது."