எங்கள் ஹாலில் வாசிக்கப்பட்ட வசவுகள்

கெட்ட வார்த்தை எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே பிரிட்டிஷ் டிவி காமெடித் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். அம்மாவைப் பொறுத்தவரை அது இலக்கியப் பணி. (நானும் மறுத்ததில்லை.)

ஷீபாவை எனக்குக் கட்டிக்கொடுக்கலாமா என்று பார்க்க, அவள் அம்மா பொழிச்சலூரிலிருந்து வந்திருந்தார். ஆங்கில டீச்சர். என் வேலையைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பிரிட்டிஷ் காமெடியா! காலேஜ் படிக்கறப்போ குடும்பமா உக்காந்து பாத்து, விழுந்து விழுந்து சிரிப்போம்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மண்டைக்கனம் விடவில்லை. "நான் எழுதினதையே காட்டறேன் ஆன்ட்டி" என்று ஒரு புதுத் தொடரைப் போட்டேன். அண்ணனும் தம்பியும் கேக் சுடும் சாதுவான காட்சி என்றுதான் ஞாபகம். கேக் கருகுவது மறந்துபோயிருந்தது.

அப்பாவுக்குக் கண் மங்கல் என்பதால், திரையில் வரும் தமிழை அம்மா சத்தமாக வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் தொடர்களை மட்டும் அவர்கள் கண்ணில் காட்டியதே இல்லை.

சர்ச்சில் பைபிள் வாசிக்கும் அதே நிதானத்தில் அம்மா தொடங்கினார். "அட கசுமாலம். உன் மூஞ்சில என் பீச்சாங்கைய வைக்க. பேமானி. நீயும் உன் பரம்பரையும் வெளங்காம போக."

ரிமோட்டைத் தேடினேன். அதன்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். மகன் எழுத்தாயிற்றே, அம்மா ஒரு வசவைக்கூட விடவில்லை. ஷீபா அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இது தப்பு தம்பி."

"சாரி ஆன்ட்டி, இனிமே..."

"மொழிபெயர்ப்பைச் சொல்றேன். அந்த அண்ணன்காரன் இங்கிலீஷ்ல சொன்னது இப்பல்லாம் அங்க வெறும் சலிப்பு. தம்பியோட பரம்பரையை இழுத்தா அண்ணனுக்கும் சேர்ந்துதானே விழும்?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நாங்க பாத்ததுல ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. நம்மாளுங்க இங்கிலீஷ் பேசறதைத்தான் கிண்டல் பண்ணுவாங்க. நாங்களும் சேர்ந்து சிரிச்சோம். இப்ப நெனச்சா அதுதான் கூசுது."

"சரி, அந்த கேக் என்னாச்சு?" என்றார் அப்பா.

கல்யாணமாகி மூன்று வருஷம். இப்போது நான் எழுதுவதையெல்லாம் அத்தைதான் திருத்துகிறார். போன வாரம் முடிச்சூர் காய்கறிக் கடையில் நிற்கும்போது அவரிடமிருந்து போன். கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"மாப்ளே, மூணாவது சீனுக்கு பேமானி பத்தாது. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க!"

கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார். "இன்னா சார், மாமியாரா?" என்று கேட்டவர், அவராகவே நாலு வார்த்தை சொன்னார். மூன்றாவது அபாரம். அன்றே எழுதி அனுப்பினேன். அத்தை அரை மார்க் கூடக் குறைக்கவில்லை.