தோல் அளக்கும் மெஷினின் கணக்கைக் காட்டச் சொல்வது சம்பந்தமாக

சத்துவாச்சாரி, வேலூர்
14-8-1999, சனிக்கிழமை

பிரியமுள்ள மச்சான் இன்பசேகரனுக்கு உன் மாமா தேவசகாயம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் உன் அக்காள் பிரிசில்லா சுகம், எங்கள் பிள்ளை கிருபா சுகம், கிணற்றுத் தண்ணீர்கூட போன வருஷத்துக்குப் பரவாயில்லை. என் சுகத்தை மட்டும் ஒரு வரியில் அடக்க முடியவில்லை, கீழே முழுக்க அதுதான், படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வந்துகொள். பெங்களூரில் உனக்கும் ஃபீபிக்கும் தேவன் நல்ல ஆரோக்கியத்தையும், இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கும் பொறுமையையும் தருவாராக.

விஷயம் இதுதான். டெல்லியில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு சட்டம் எழுதுகிறார்களாமே. உன் கம்பெனிப் பெரியவர்களிடமும் யோசனை கேட்கிறார்கள் என்று போன தடவை போனில் சொன்னாய். அந்தச் சட்டத்தில் எனக்காக ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். பெரிய வரி இல்லை. 'கணக்குப் போடும் பெட்டியை விற்கிற எந்தக் கம்பெனியும், உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்பதை அதற்கு முத்திரை குத்த வேண்டிய அதிகாரிக்குக் காட்டியே ஆக வேண்டும்.' அவ்வளவுதான், இதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்? நீ இதைச் செய்யாமல் விட்டால், உன் அக்காள் புருஷனை இனிமேல் தண்ணியில்லாத காட்டில்தான் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

முத்திரை ஆய்வாளர் என்றால் என்ன வேலை, தபால் ஸ்டாம்பு ஒட்டுவதா என்று உன் கல்யாணத்தில் உன் மாமனார் என்னைக் கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன். கடைக்காரன் தராசு, படிக்கல், துணிக்கடை மீட்டர் கோல், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் ஈயத்தில் சர்க்கார் முத்திரையைச் சுத்தியால் குத்துவேன். அந்த முத்திரைக்குள் என் நம்பர் இருக்கும். நாளைக்கு அந்தத் தராசு பொய் சொன்னால் நானும் கூடச் சேர்ந்து பொய் சொன்னதாக அர்த்தம். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத திருட்டு கிடையாது. தட்டைத் திருப்பினால் அடியில் புளி ஒட்டியிருக்கும், படிக்கல்லைக் கவிழ்த்தால் குடைந்து ஈயத்தை எடுத்திருப்பான். பாவத்தைக் கண்ணால் பார்த்தேன், விரலால் சுரண்டினேன், கேஸ் எழுதினேன், வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்படி இருந்தவனை ஆம்பூரிலிருந்து அமீர் பாஷா பாய் கூப்பிட்டார். பெரிய தோல் ஷெட் அவருடையது. சின்ன ஷெட்காரர்கள் பதப்படுத்திக் கொண்டுவரும் தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்கி ஷூ கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவர். இதுவரை அளந்தது கடிகாரம் மாதிரி முள் வைத்த பழைய மெஷின். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து கம்ப்யூட்டர் மெஷின் வாங்கியிருக்கிறார். தோலை இந்தப் பக்கம் விட்டால் விளக்குக்கு அடியில் ஓடி அந்தப் பக்கம் வரும், வருவதற்குள் இத்தனை அடி என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிடும். முத்திரை குத்த என்னை அழைத்து மாலை போட்டார்கள், மெஷினுக்கும் ஒரு மாலை, மெஷினுடையதுதான் பெரிசு. கம்பெனி இன்ஜினியர் ஆல்வின் என்று ஒரு பிள்ளை, டை கட்டியிருந்தான், விசாரித்தால் நம் சபைக் குடும்பம்தான். சர்க்கார் கொடுத்த வட்டத் தகட்டை மெஷினில் விட்டேன், சரியாகக் காட்டியது. மறுபடி விட்டேன், மறுபடியும் சரி. ஈயத்தை வைத்துச் சுத்தியைத் தூக்கிவிட்டேன் மச்சான், அந்த நேரம் பார்த்து ஜஹீருன்னிசாம்மா உள்ளே வந்தார்.

அந்தம்மா புருஷன் போன பிறகு தனியாளாகச் சின்ன ஷெட் நடத்துகிறவர். கையில் சுருட்டிவைத்திருந்த தோலை அப்படியே மெஷின் மேல் போட்டு, "ஒரு நிமிஷம் சார். எங்க ஷெட்டுல இது இருபத்திரண்டு அடி. இங்க இன்னா காட்டுதுன்னு நீங்களே பாருங்க" என்றார். விட்டோம். இருபதே முக்கால். தலைப்பக்கம் மாற்றி விட்டோம், இருபத்தொண்ணரை. மறுபடி விட்டோம், இருபத்தொண்ணு. "இன்னா சார் இது, ஒரே தோலு, என் கண்ணு முன்னாலயே இளைக்குது, குண்டாவுது! வெள்ளோட்டம்னு இதுல அளந்தப்போ எனக்கு மட்டும் எப்பவும் இளைச்சதைத்தான் எழுதினாங்க. இதுக்கா முத்திரை?" என்று கேட்டார். அமீர் பாஷா என்னைப் பார்க்கிறார், அந்தம்மா என்னைப் பார்க்கிறார், ஷெட்டில் வேலை செய்கிற அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் தூக்கின சுத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

ஆல்வினைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்பா, ஓரம் கிழிஞ்சிருக்கே, அதை எப்படிக் கணக்குல எடுக்குது?" "அதெல்லாம் அல்காரிதம் பாத்துக்கும் சார்." "நடுவுல ஓட்டை இருந்தா?" "அதுவும் அல்காரிதம்தான் சார்." "கால் அடிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி வந்தா சேர்த்துக்குதா, தள்ளிடுதா?" "அல்காரிதம் சார்." உன் அக்காளிடம் சொன்னபோது, அந்தப் பேரில் தன் ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை இருக்கிற மாதிரி இருக்கிறதே என்றாள். சரி, பெட்டியைத் திற என்றேன். திறந்தான். உள்ளே பச்சைப் பலகை, அதில் கறுப்பாகக் கால் நிறைய வைத்து மரவட்டை மாதிரி ஒன்று. "கணக்கு எங்கப்பா?" "அதுக்குள்ள சார்." "வெளிய எடு." "எடுக்கக் கூடாது சார், கம்பெனி ரகசியம்." கம்பெனிக்கு முறைப்படி எழுதிக் கேட்டேன். வழவழப்பான காகிதத்தில் பதில் வந்தது. கணக்கை வெளியே சொன்னால் போட்டிக் கம்பெனிக்காரன் திருடிவிடுவானாம், ஆகையால் மூடிக்கு மேல் முத்திரை குத்தி உதவ வேண்டுமாம். மூடிக்கு முத்திரை குத்தவா சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது? நீயே சொல்லு.

அமீர் பாஷாவும் நியாயம் பேசினார். "ஏன் சார் பேஜார் பண்றீங்க? என் தோலுக்கு ஏத்துற கலர்ல என்னென்ன கலக்குறேன்னு என் சொந்தத் தம்பிக்கே சொல்லமாட்டேன். அவங்க கம்பெனிக்கும் அப்படி ஒண்ணு இருக்காதா?" என்றார். "பாய், உங்க கலரைப் பிடிச்சவன் வாங்குறான், பிடிக்காதவன் போய்டுறான். இந்தப் பெட்டி சொல்றதை ஜஹீருன்னிசாம்மா கேட்டுத்தானே ஆகணும்? அவங்க வேற எங்க போவாங்க?" என்றேன். அவர் டீ சொல்லி அனுப்பினார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சர்க்கார் தகடு எப்போதும் ஒரே வட்டம். வட்டமாக ஒன்று வந்தால் வந்திருப்பது ஆய்வாளர் என்று அந்த மரவட்டைக்குச் சொல்லிவைத்திருந்தால்? என்னைக் கண்டால் ஒழுங்காக நடப்பது, நான் போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பிப்பது! இதே வேலையைத்தானே மளிகைக் கடைக்காரன் செய்கிறான்? அவனையாவது திடீரென்று போய்ப் பிடிக்கலாம். அதையும் அப்படியே பிடிப்பது என்று முடிவுசெய்து, லுங்கி கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, ஜஹீருன்னிசாம்மாவின் தோல் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தோல் விற்க வந்தவன் மாதிரி ஆம்பூருக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தான். உள்ளே நுழைந்ததும் நாலு பேர் "வாங்க சார்" என்றார்கள். அமீர் பாஷா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னா சார், லுங்கி நல்லா இருக்குது, ஆம்பூர்ல வாங்கினதா?" என்று கேட்டார். தோலை விட்டேன், அந்தம்மா சொன்ன அடியையே அச்சாகக் காட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், மெஷினும் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

அதோடு விட்டேனா? வேலூரில் ஒரு தகரக் கடையில் சொல்லி, மாட்டுத் தோல் மாதிரியே காலும் வாலும் கழுத்துமாக ஒரு தகரத்தை வெட்டி வாங்கி, அதன் அளவை நானே கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டு, பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் வழி முழுக்க இது என்ன படம், எந்தக் கட்சிச் சின்னம் என்று கேட்டுக்கொண்டு வந்தார், வால் அவர் விலாவில் குத்தியதால் கோபமும் பட்டார். ஆனால் பலன் கிடைத்தது! தகரத்தை விட்டால் ஒரு தடவை ஜாஸ்தி, ஒரு தடவை கம்மி, அந்த அம்மாவின் தோல் மாதிரியே. ஆல்வினைப் பிடித்தேன். அவன் அசரவில்லை. "சார், இது தகரம். அல்காரிதம் தோலுக்குத்தான் எழுதினது" என்றான். "அப்போ சர்க்கார் வட்டத் தகடு மட்டும் எந்த மாட்டோட தோலு?" என்று கேட்டேன். ஷெட்டில் சிரித்துவிட்டார்கள். ஜஹீருன்னிசாம்மா சத்தமாகவே சிரித்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல பதில் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

அமீர் பாஷா கெட்ட மனுஷர் இல்லை, அதட்டிக்கூடப் பேசமாட்டார். நேற்று என்னை ஓரமாக அழைத்து, "மேல ஒருத்தர்கிட்ட பேசினேன் சார். உங்களுக்கு வேலை ஜாஸ்தியாகி உடம்பு கெடுதுன்னு அவருக்கும் வருத்தம். ராமநாதபுரம் பக்கம் வேலை கம்மியாம், காத்து நல்லா இருக்குமாம். திங்கக்கிழமைக்குள்ள முத்திரை விழுந்துட்டா அந்தப் பேச்சே வேணாம்" என்று அக்கறையாகச் சொன்னார். நான் வேர்த்துப்போய் வீட்டுக்கு வந்தேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. உன் அக்காளோ ஆஸ்பத்திரி வேலையை விட்டு வர முடியாது, கிருபாவுக்குக் காலேஜ். நான் தனியாகப் போய் அங்கே என்ன செய்வேன்? எனக்கு வெந்நீர் வைத்துக் குளிக்கக்கூடத் தெரியாது.

உன் அக்காளிடம் யோசனை கேட்டேன். "டாக்டர் ஒரு ஊசியைக் குடுத்து, உள்ள இன்னா மருந்துன்னு கேக்காத, போடுன்னா நான் போடுவேனா? கையாலகூடத் தொடாதீங்க அந்த மெஷினை" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "நீங்க ராமநாதபுரம் போய்ட்டா பிரஷர் மாத்திரையை யாரு ஞாபகமா எடுத்துக் குடுப்பாங்க? பேசாம குத்திட்டு வாங்க" என்றாள். பிறகு அடுப்படியில் போய் அழுதாள். அவள் அழுதால் எனக்கு எதுவும் ஓடுவதில்லை. குத்தினால் அந்தம்மாவின் ஒவ்வொரு தோலிலும் என் நம்பர் உட்கார்ந்து அடி அடியாகத் தின்னும். குத்தாவிட்டால் என் குடும்பம் இரண்டாகப் போகும். நடுவில் நான் ஒரு ஈய வில்லையை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் மச்சான், தயவுசெய்து அந்த ஒரு வரி. சட்டம் வருகிறது என்ற பேச்சு வந்தாலே போதும், அதைச் சொல்லிக் கொஞ்ச நாள் தள்ளிவிடுவேன். கம்பெனி கணக்கைக் காட்டட்டும், நான் பார்க்கிறேன், சரியாக இருந்தால் நானே மாலை போட்டுக் குத்துகிறேன். வேறு என்ன எழுத? உன் வேலையையும் கையின் பிரயாசத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஃபீபிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். அக்காள் உனக்கு முறுக்கு சுட்டு அனுப்புவதாக இருந்தாள், இந்தக் கலவரத்தில் சுடவில்லை, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உன் மாமா,
வே. தேவசகாயம்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று. ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் ஆல்வின் நிற்கிறான், டை இல்லை, கையில் தலையணை உயரத்துக்குக் காகிதக் கட்டு. "அங்கிள், நீங்க கேட்ட கணக்கு. முத்திரை விழலைன்னா மெஷினைத் திருப்பி எடுக்கணுமாம், அதனால குடுத்துடுன்னு எங்க கம்பெனி முதலாளி சொல்லிட்டாரு" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புள்ளியும் அடைப்புக்குறியும் இங்கிலீஷுமாக என்னென்னவோ. "எனக்கு இது புரியலப்பா, நீயே சொல்லு, தோலுல ஓட்டை வந்தா இது இன்னா பண்ணுது?" என்றேன். அவன் நகத்தைக் கடித்தான். "தெரியாது அங்கிள்." "உங்க முதலாளிக்கு?" "அவருக்கும் தெரியாது. எழுதினவன் போன வருஷமே அமெரிக்கா போய்ட்டான். ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா கம்ப்யூட்டர்ல தேதி குழம்பிடும்னு, ஒய்-டூ-கே வேலைக்கு ஆள் எடுத்தாங்களே, அதுல. அவன் போனதுலேர்ந்து யாரும் இதுல கை வைக்கலை." "அப்போ ரகசியம், ரகசியம்னு எழுதினீங்களே?" "எங்களுக்கே தெரியாதுன்னு லெட்டர்ல எழுத முடியுமா அங்கிள்?" என்றான், பாவம், அழுகிற மாதிரி. சாப்பிட வைத்து அனுப்பினேன்.

மச்சான், ஒளிக்கிறார்கள் என்று நினைத்திருந்த வரையில் எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போதுதான் நிஜமாகவே பயமாக இருக்கிறது. ஆகையால் மேலே கேட்ட வரியை டெல்லிக்குச் சொல்ல வேண்டாம். காட்டு என்றால் காட்டிவிடுகிறார்கள். காட்டியாயிற்று, நீயும் பார்த்தாயிற்று, இனி குத்து என்பார்கள், நான் என்ன சொல்லித் தப்பிப்பேன்? முதலில் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும், பிறகு என்னிடம் காட்டட்டும் என்று எழுத முடியுமானால் எழுதச் சொல். ஆம்பூருக்குப் போன் போட்டு, முத்திரை கிடையாது பாய் என்று சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம் சார்" என்றார், ரொம்ப மரியாதையாக. ராமநாதபுரம் பக்கம் உன் சிநேகிதர் யாராவது இருந்தால், தனி ஆளுக்கு ஒரு அறை கிடைக்குமா என்று விசாரித்து எழுது. சோறு வடிப்பது எப்படி, எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது இறக்க வேண்டும் என்று ஃபீபியைத் தெளிவாக எழுதித் தரச் சொல். உன் அக்காளைக் கேட்டேன், எல்லாம் கண்ணளவுதான் என்கிறாள்.